ஒரு மருந்து பாட்டிலும் பத்தொன்பது பாட்டும்: டுவேன் ஆல்மனின் 'ஆன் ஆந்தாலஜி'

'லைலா' பாட்டைக் கல்லூரி நாளிலிருந்து கேட்டு வருகிறேன். ஆரம்பத்தில் பாய்ந்து வரும் அந்தக் கிட்டார், பாதிக்கு மேல் பியானோ தனியாக வந்து எல்லாம் அடங்கியதும் அதற்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருக்கும் இன்னொரு கிட்டார், கடைசியில் குருவி கத்துகிற மாதிரி ஒரு சத்தம், எல்லாமே ஆங்கிலேய ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வாசித்தது என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். போன வருஷம் ஒரு நண்பர் வீட்டில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, "அந்த மேல் சத்தம் கிளாப்டன் இல்லை, டுவேன் ஆல்மன். ஆரம்பத் துணுக்கும் அவர் கொடுத்ததுதான்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார். எனக்கு அதற்கப்புறம் வேறு எதிலும் கவனம் போகவில்லை.

அந்த டுவேனின் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் என்று ஓர் அமெரிக்கக் குழு இருந்தது தெரியும். அமெரிக்கத் தெற்குப் பகுதியின் ராக், நீளமான கிட்டார் வாசிப்பு, தாடி வைத்த ஆறு பேர், அவ்வளவுதான் என் அறிவு. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு நண்பர் பேண்ட் ஆல்பம் எதையும் சொல்லவில்லை, 'ஆன் ஆந்தாலஜி' என்ற தொகுப்பைச் சொன்னார். 1972 நவம்பரில் கேப்ரிகார்ன் நிறுவனம் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. டுவேன் இறந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. என்னிடம் இருப்பது பழைய சிடி, இரண்டு தட்டு, பெட்டி ஓரத்தில் விரிசல், உள்ளே கீறல் எதுவும் இல்லை. வாங்கி ஏழெட்டு மாசம் ஆகிறது. இவ்வளவு நாள் கேட்ட பிறகுதான் இதைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இந்த ஆல்பத்தின் குணமே அதில்தான் இருக்கிறது. மொத்தம் பத்தொன்பது பாட்டு. அதில் ஆல்மன் பிரதர்ஸ் பாட்டு ஐந்துதான். அதற்கு முன்னால் டுவேனும் அவர் தம்பி கிரெக்கும் இருந்த ஹவர் கிளாஸ் என்ற பேண்டின் பாட்டு ஒன்று. டுவேன் தானே பாடிய பாட்டு ஒன்று. மீதி பன்னிரண்டும் வேறு யார் யாரோ பாடகர்களின் பாட்டு, அதில் இவர் கூலிக்கு வாசிக்க வந்த ஆள், அல்லது விருந்தாளி. ஒரு கலைஞனின் நினைவாக வெளியிட்ட தொகுப்பில் பாதிக்கு மேல் மற்றவர்களின் பாட்டு இருப்பது முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது. கேட்கக் கேட்கத்தான் புரிந்தது, இந்த மனிதரை இதைவிடச் சரியாக வேறு எப்படியும் காட்ட முடியாது.

டுவேன் பிறந்தது 1946 நவம்பர் 20, நாஷ்வில்லில். தம்பி கிரெக் ஒரு வயது இளையவர். அப்பா ராணுவத்தில் இருந்தவர், டுவேனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது கொலை செய்யப்பட்டார். வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன ஓர் அந்நியன்தான் அவரைச் சுட்டுவிட்டான். அம்மா தனியாக இரண்டு பையன்களையும் வளர்த்து, 1959-இல் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச்சுக்குக் குடிபோனார். அங்கேதான் கிட்டார் வந்தது. முதலில் தம்பிக்கு, அப்புறம் அதைப் பிடுங்கி வாசித்த அண்ணனுக்கு. இருவரும் ஊர் ஊராக வாசித்து, 1967-இல் லாஸ் ஏஞ்சலஸ் போய் ஹவர் கிளாஸ் என்ற பெயரில் இரண்டு ஆல்பம் செய்தார்கள். லிபர்ட்டி நிறுவனம் அவர்களை ஒரு பாப் குழுவாக மாற்றப் பார்த்தது, அவர்களுக்கு அது ஒத்துவரவில்லை.

தொகுப்பின் முதல் பாட்டு அந்தக் கட்டத்தின் கடைசி முயற்சி. 1968 ஏப்ரலில் அவர்களே அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஃபேம் ஸ்டுடியோவுக்குப் போய், ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் பழைய இசையில் பெரிய பெயரான பி.பி. கிங்கின் மூன்று பாட்டுகளை ஒன்றாகக் கோத்துப் பதிவு செய்தார்கள். நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை, வெளியிடவே இல்லை. இந்தத் தொகுப்பில்தான் அது முதன்முதலாக வெளியே வந்தது. கிரெக்குக்கு அப்போது இருபது வயது, குரலோ நாற்பது வயதுக்காரருடையது. டுவேன் வாசிப்பு சுத்தமாக இருக்கிறது, பி.பி. கிங் மேல் இருக்கும் பக்தி ஒவ்வொரு சுரத்திலும் தெரிகிறது. ஆனாலும் அது இன்னும் நல்ல மாணவனின் வாசிப்புதான். இதை முதலில் வைத்தது நல்ல யோசனை, ஏனென்றால் அடுத்த பாட்டு வந்ததும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

அடுத்தது வில்சன் பிக்கெட் பாடிய 'ஹே ஜூட்'. அதே ஃபேம் ஸ்டுடியோ, அதே 1968, நவம்பர். ஆறேழு மாசத்தில் இந்த மனிதருக்கு என்ன ஆனது என்று கேட்கத் தோன்றும். ஹவர் கிளாஸ் கலைந்துபோன பின் டுவேன் மசில் ஷோல்ஸுக்கே திரும்பி வந்து, ஸ்டுடியோ வண்டி நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டுத் தங்கி வேலை கேட்டதாக ஃபேம் உரிமையாளர் ரிக் ஹால் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேலையும் கிடைத்தது. பிக்கெட் பதிவுக்கு வந்திருந்த நாளில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வெளியே போக, பிக்கெட்டும் டுவேனும் மட்டும் ஸ்டுடியோவிலேயே இருந்துவிட்டார்கள். அது 1968-இன் அலபாமா. ஒரு கறுப்பினப் பாடகரும் முதுகு வரை முடி வளர்த்த ஒரு வெள்ளை இளைஞனும் சேர்ந்து ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தால் வம்புதான் வரும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் டுவேன், பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' பாட்டைப் பாடுங்கள் என்று பிக்கெட்டிடம் சொன்னார். பீட்டில்ஸ் பதிவு வெளியாகி மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. பிக்கெட்டுக்கும் ஹாலுக்கும் முதலில் இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கிறது.

பாட்டைக் கேளுங்கள். முதல் இரண்டரை நிமிஷம் டுவேன் ரொம்ப அடக்கமாக இருக்கிறார். பிக்கெட் ஒரு வரி பாடி மூச்சு விடும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சுரம், உடனே ஒதுங்கிவிடுவார். அப்புறம் கடைசிப் பகுதி வருகிறது. பிக்கெட் ஒரு கத்து கத்துகிறார். அந்தக் கத்தலுக்காகவே காத்திருந்த மாதிரி கிட்டார் பாய்கிறது, அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூக்கித் தூக்கி மேலே கொண்டுபோகிறார்கள், யார் குரல் யார் கிட்டார் என்று பிரிக்கவே தோன்றாத ஒரு கட்டத்தில் பாட்டைக் குறைத்து முடித்துவிடுகிறார்கள், நமக்கு இன்னும் ஐந்து நிமிஷம் வேண்டும் போல இருக்கும். கிளாப்டன் இதைக் கேட்டுவிட்டு, வாசித்தது யார் என்று விசாரித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நானும் முதல் தடவை கேட்டபோது கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டேன்.

இனி ஸ்லைடு. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் டுவேன் பெயர் நிலைத்ததே இதனால்தான். கிட்டார் தந்தியை விரலால் அழுத்தாமல், விரலில் ஒரு கண்ணாடிக் குழாயையோ இரும்புக் குழாயையோ மாட்டிக்கொண்டு தந்தி மேல் வழுக்கி வாசிப்பது ஸ்லைடு. நம் ஊர்க் கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும், அங்கே தந்திக்கு அடியில் சுரத்துக்கு ஒன்றாக வரும் மெட்டுக் கம்பி இல்லை, தந்தி மேல் ஒரு கட்டையை வழுக்குகிறார்கள். இங்கே மெட்டு உண்டு, ஆனால் வழுக்கும்போது அதைத் தொடுவதில்லை, சுரம் சரியாக எங்கே நிற்க வேண்டும் என்பது காதின் பொறுப்பு. அரை விரற்கடை தள்ளி நின்றால் அபசுரம்.

டுவேன் இதைப் பிடித்த கதையைத் தம்பி கிரெக் பலமுறை சொல்லியிருக்கிறார். குதிரையிலிருந்து விழுந்து டுவேனுக்கு இடது முழங்கையில் அடி. சவாரிக்குக் கூட்டிப்போனது தம்பிதான் என்று அவர் மேல் கோபம், முகத்திலேயே விழிக்காதே என்று சொல்லியாகிவிட்டது. கூடவே ஜலதோஷம் வேறு. பிறந்தநாள் வந்தது. தம்பி பயந்துகொண்டே ஒரு பாட்டில் கோரிசிடின் மாத்திரையும் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் முதல் ஆல்பத்தையும் வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணனிடமிருந்து ஃபோன், உடனே வா என்று. போய்ப் பார்த்தால், மாத்திரையை எல்லாம் வெளியே கொட்டி, பாட்டில் மேல் இருந்த லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, அந்தக் குட்டிக் கண்ணாடி பாட்டிலை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு, தாஜ் மஹால் ஆல்பத்தில் இருந்த 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' பாட்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம் கடைசி வரை அவர் ஸ்லைடு அந்த மருந்து பாட்டில்தான்.

அரீதா ஃபிராங்க்ளின் பாடிய 'தி வெயிட்' இந்தத் தொகுப்பில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் அந்த பாட்டிலைத் தனியாகக் கேட்கலாம். அதை முதலில் நான் மௌத் ஆர்கன் என்று நினைத்தேன். தவறு என்னுடையது மட்டும் இல்லை, டுவேன் பழைய ப்ளூஸ் மௌத் ஆர்கன் கலைஞர்களின் சத்தத்தைத்தான் கிட்டாரில் கொண்டுவரப் பார்த்தார். என் தங்கை பல வருஷம் வீணை கற்றவள், ராக் கேட்கிற பழக்கம் கிடையாது. அவளைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அண்ணா, இவர் சுரத்துக்கு நேராகப் போகவே மாட்டேங்கிறார், கீழேயிருந்து ஜாருவில் ஏறித்தான் நிற்கிறார். ஏறின பிறகு நிற்கிற இடம் பாரு, அசையவே இல்லை" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னாள். நான் மாசக்கணக்கில் கேட்டும் எனக்குச் சொல்லத் தெரியாததை அவள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.

அரீதா பாட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவ்வளவு பெரிய குரல் பாட ஆரம்பித்ததும் டுவேன் கிட்டத்தட்ட காணாமல் போகிறார். அங்கங்கே ஓரத்திலிருந்து ஒரு சின்னப் பதில். அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதுப் பையன், புதிதாகக் கிடைத்த வித்தை கையில் இருக்கிறது, எதிரே அரீதா, எல்லாவற்றையும் கொட்டிக் காட்டத்தான் யாருக்கும் ஆசை வரும். இவர் பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் கொடுத்தார். இந்தத் தொகுப்பு முழுக்க நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். பல விதமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், டுவேனிடம் அந்தத் திறமை எல்லாம் எதிரில் இருப்பவரைக் கேட்பதிலிருந்து வருகிறது. கிளாரன்ஸ் கார்ட்டர் பாட்டில் ஒரு மாதிரி, ஜான் ஹாமண்ட் பாட்டில் வேறு மாதிரி, கௌபாய் என்ற சின்னக் குழுவின் பாட்டில் முற்றிலும் வேறு ஆள் மாதிரி. ஒவ்வொரு முறையும் பாடுகிறவர் யார் என்று பார்த்துத்தான் கை அசைகிறது.

கார்ட்டரின் 'தி ரோட் ஆஃப் லவ்' பாட்டு நடுவில் ஸ்லைடு நுழையும்போது, கண்பார்வை இல்லாத அந்தப் பாடகர் பாட்டை விட்டுவிட்டு, இப்போது காதில் விழுவது தனக்குப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார். ஸ்டுடியோ பதிவில் இப்படி ஒரு பாராட்டு தட்டிலேயே பதிந்துபோவது எவ்வளவு அழகு! கிங் கர்ட்டிஸின் 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' சாக்ஸஃபோன் வாத்திய இசை, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் டுவேனுக்காக அதை மறுபடி மறுபடி போடுவீர்களா என்றால், நான் போடுவதில்லை.

ஹாமண்ட் விஷயம் சொல்ல வேண்டும். அவர் நியூயார்க்கிலிருந்து ப்ளூஸ் பாட வந்த வெள்ளைக்காரர், மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோ வாத்தியக்காரர்களுக்கு அவர் மேல் முதலில் நம்பிக்கை வரவில்லை, வேலை நகரவில்லை. டுவேன் வந்து அவரிடம் பழகியதும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள் என்று ஹாமண்டே நன்றியோடு சொல்லியிருக்கிறார். 'ஷேக் ஃபார் மீ' பாட்டில் அந்த மாற்றத்தை நேராகவே கேட்கலாம், எல்லோரும் ஒரே வண்டியில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஓடுகிறது.

சரி, இப்போது இந்தத் தொகுப்பின் சிகரம். என் கணக்கில் அது 'லைலா' இல்லை, பாஸ் ஸ்கேக்ஸ் பாடிய 'லோன் மீ எ டைம்'. 1969, பதின்மூன்று நிமிஷம். ஸ்கேக்ஸ் பின்னாளில் வழவழப்பான பாப் பாட்டுகளால் பெரிய பெயர் வாங்கியவர், அப்போது யாருக்கும் அவ்வளவாகத் தெரியாத இளைஞர். பாட்டை எழுதியவர் ஃபென்டன் ராபின்சன் என்ற சிகாகோ ப்ளூஸ் கலைஞர். ஸ்கேக்ஸின் ஆல்பம் முதலில் வெளிவந்தபோது எழுதியவர் இடத்தில் ஸ்கேக்ஸ் பெயரே இருந்தது, ராபின்சன் தன் பெயருக்காகப் போராட வேண்டியிருந்தது. இந்தப் பாட்டைப் பிடித்துப்போகிறவர்கள் ராபின்சனின் சொந்தப் பதிவையும் தேடிக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ஸ்கேக்ஸ் பதிவு ஆர்கனோடு மெதுவாக, ராத்திரி கடை மூடும் நேரத்து வேகத்தில் ஆரம்பிக்கிறது. டுவேன் இதில் பாட்டிலை எடுக்கவில்லை, வெறும் விரல். நாலைந்து நிமிஷம் வரை ஸ்கேக்ஸ் அழுவதற்கு இடம் கொடுத்து, சோகத்தோடு சோகமாக நடக்கிறார். அப்புறம் ரோஜர் ஹாக்கின்ஸின் டிரம்ஸும் டேவிட் ஹுட்டின் பேஸும் கண்ணுக்குத் தெரியாமல் வேகத்தைக் கூட்டுகின்றன, பிராஸ் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன, எந்த நிமிஷத்தில் வேகம் கூடியது என்று நான் பலமுறை கவனித்துக் கேட்டும் ஓர் இடத்தைச் சுட்ட முடியவில்லை. கடைசி மூன்று நான்கு நிமிஷம் டுவேனை யாரும் தடுக்கவில்லை. ஒரு சின்னச் சொற்றொடரைப் பிடிக்கிறார், அதையே நாலு தடவை சொல்கிறார், ஐந்தாவது தடவை கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றுகிறார், பின்னால் மொத்தக் கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. மழை பெய்த ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இதைப் போட்டேன். பாட்டு மங்கி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனசு வரவில்லை.

டுவேன் தானே பாடிய 'கோயிங் டௌன் ஸ்லோ' பாட்டும் இந்தத் தொகுப்பில்தான் முதலில் வெளிவந்தது. 1969 தொடக்கத்தில் ஃபேமில் அவர் பெயரில் ஒரு தனி ஆல்பம் செய்யலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டது. குரல் தம்பியுடையது போல இல்லை, அது அவருக்கே தெரிந்திருக்கும். ஆனால் கிட்டார் வரும் இடத்தில் அவர் எவ்வளவு நிதானமாக மூச்சு விட்டு வாசிக்கிறார் பாருங்கள். நோயில் கிடக்கும் ஒருவன் தன் கடைசி நாளைப் பற்றிப் பாடும் பழைய ப்ளூஸ் பாட்டு அது. அதைப் பாடியவர் மூன்று வருஷம்கூட இருக்கப் போவதில்லை என்ற நினைப்பில்லாமல் என்னால் அதைக் கேட்க முடிவதில்லை.

அந்தத் தனி ஆல்பத்தை விட்டுவிட்டு அவர் செய்த காரியம்தான் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட். 1969 மார்ச்சில் ஜாக்சன்வில்லில் ஆட்களைச் சேர்த்தார். இரண்டு டிரம்ஸ், இரண்டு முன்னணி கிட்டார், கடைசியாகத் தம்பியை வரவழைத்துப் பாட வைத்தார். பேண்ட் தொடங்கிய பிறகும் ஸ்டுடியோ கூலி வேலையை அவர் விடவில்லை. ஜானி ஜென்கின்ஸ் பாட்டு இரண்டு இதில் இருக்கிறது. ஓட்டிஸ் ரெடிங் பிரபலமாவதற்கு முன் பாடிக்கொண்டிருந்த குழுவின் கிட்டார்காரர் இந்த ஜென்கின்ஸ். அவருடைய 'ரோலிங் ஸ்டோன்' பாட்டில் சத்தம் தரையோடு தரையாகத் தவழ்கிறது, பயமாகக்கூட இருக்கும். டெலனி அண்ட் பானி என்ற ஜோடியின் பாட்டில் அதே ஆள் கல்யாண வீட்டுக் கலகலப்போடு வாசிக்கிறார்.

லைலா கதை தெரியாதவர்களுக்கு: 1970 ஆகஸ்ட் 26, மயாமியில் ஆல்மன் பிரதர்ஸ் கச்சேரி. தயாரிப்பாளர் டாம் டௌட், அப்போது கிரைட்டீரியா ஸ்டுடியோவில் பதிவு செய்துகொண்டிருந்த கிளாப்டனையும் அவர் குழுவையும் கூட்டிக்கொண்டு போய் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார வைத்தார். டுவேன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தவர், திறந்தார், எதிரே கிளாப்டன். கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த டிக்கி பெட்ஸ் தந்தி அறுந்துவிட்டதோ என்று நினைத்துத் தொடர்ந்து வாசிக்க, அவரும் கீழே பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார் என்று டௌட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரியே எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய் விடிய விடிய வாசித்தார்கள். லைலா மஜ்னு கதையிலிருந்து பெயரை எடுத்து கிளாப்டன் எழுதிவைத்திருந்த ஒரு காதல் பாட்டு, டுவேன் கை பட்டதும் வேறு பாட்டாக மாறியது. ஆல்பர்ட் கிங்கின் மெதுவான பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து வேகப்படுத்தித்தான் அந்தத் தொடக்கத் துணுக்கைச் செய்தார். இப்போது அதைக் கேட்கும்போது இரண்டு கிட்டாரையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறது. இதற்கு முந்தைய பதினெட்டு வருஷம் நான் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன்.

அதே பதிவு நாட்களில் கிளாப்டனும் டுவேனும் வாசித்து, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட 'மீன் ஓல்ட் வேர்ல்ட்' இந்தத் தொகுப்பில் லைலாவுக்கு முன்னால் வருகிறது. அதிகம் பேர் பேசாத பாட்டு. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி அவ்வளவு சகஜம். இருவரில் யார் பெரியவர் என்கிற போட்டி ஒரு துளியும் கிடையாது.

ஆல்மன் பிரதர்ஸ் பாட்டுகளில் 'ஸ்டேட்ஸ்பரோ ப்ளூஸ்' 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் பதிவானது. மாத்திரை பாட்டிலை மாட்டிக்கொண்டு வீட்டில் முதன்முதலாகப் பழகிய அதே பாட்டு. முதல் சத்தத்திலேயே அரங்கத்தை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறார். 'ட்ரீம்ஸ்' அதற்கு நேர் எதிர், மூன்று மூன்றாக எண்ணி நடக்கும் மெதுவான பாட்டு, ஏழு நிமிஷம். ஜாஸ் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும், முக்கியமாக 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தையும் வருஷக்கணக்கில் கேட்டதிலிருந்துதான் தன் வாசிப்பு வருகிறது என்று டுவேன் சொன்னதுண்டு. அது எங்கே என்று தேடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டுதான் பதில். கிட்டார் முதலில் விரலில் தொடங்கி, நடுவில் பாட்டிலுக்கு மாறுகிறது. மாறும் இடம் கதவு திறந்து காற்று வந்த மாதிரி இருக்கும்.

குறை என்று சொன்னால் முதல் குறை ஃபில்மோர் கச்சேரியிலிருந்து ஒரு பாட்டு மட்டும் எடுத்தது. டுவேன் மேடையில் பதினைந்து இருபது நிமிஷம் தொடர்ந்து கற்பனை செய்து வாசிப்பது எப்படி இருக்கும் என்பது இந்தத் தொகுப்பை மட்டும் கேட்டால் தெரியாது. 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' ஆல்பத்தைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். இரண்டாவது, 'டோன்ட் கீப் மீ வொண்டரிங்', 'ஸ்டாண்ட் பேக்' இரண்டும் நல்ல பாட்டுகள்தான், ஆனால் கடைசிப் பக்கத்தில் அவற்றின் இடத்தில் ஒரு நீளமான மேடைப் பாட்டு இருந்திருந்தால் ஆல்பம் எங்கேயோ போயிருக்கும். மூன்றாவது, லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் பட்ட பாடு இதில் தெரிவதில்லை, மசில் ஷோல்ஸில் பதிவான ஒரே ஹவர் கிளாஸ் பாட்டோடு அந்தக் காலம் முடிந்துவிடுகிறது. 1974-இல் இதற்கு இரண்டாம் தொகுதி வந்தது, 2013-இல் டுவேனின் மகள் கலாட்ரியல் முன்நின்று உருவாக்கிய ஏழு சிடி பெட்டி 'ஸ்கைடாக்' வந்தது. அதில் சின்ன வயசு பேண்டுகளிலிருந்து எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் தடவை டுவேனைக் கேட்கப் போகிறவர் ஏழு சிடியோடு தொடங்க வேண்டாம். இந்தப் பத்தொன்பது பாட்டு போதும், இதில் பிடித்த பாடகர் யார் என்று பார்த்து அவர் பின்னால் போங்கள். நான் இப்படித்தான் கிளாரன்ஸ் கார்ட்டருக்கும் ஃபென்டன் ராபின்சனுக்கும் போனேன்.

கௌபாய் குழுவின் 'ப்ளீஸ் பி வித் மீ' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1971. உலோகத் தட்டு பொருத்திய டோப்ரோ கிட்டாரில் டுவேன் வாசிக்கிறார். தயங்கித் தயங்கிப் பேசுகிற ஒரு பாட்டு, அந்தத் தயக்கத்தை டோப்ரோ கலைக்கவே இல்லை. பிக்கெட்டோடு அப்படி முழங்கியவர் இவர்தானா என்று இருக்கும். என் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு இது ஒன்றுதான், காலையில் சமையலறையில் ஓடும்.

1971 அக்டோபர் 29, ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு லாரி திரும்பியதில் விபத்து. டுவேனுக்கு இருபத்து நான்கு வயது, இருபத்தைந்து முடிய மூன்று வாரம் இருந்தது. முதல் பாட்டு பதிவான 1968 ஏப்ரலிலிருந்து எண்ணினால் இந்த இரண்டு தட்டில் இருப்பது அத்தனையும் மூன்றரை வருஷத்து வேலை.

தொகுப்பின் கடைசிப் பாட்டு 'லிட்டில் மார்த்தா'. ஆல்மன் பிரதர்ஸ் ஆல்பங்களில் டுவேன் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் ஒரே பாட்டு, இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் பதிவானது. அவரும் டிக்கி பெட்ஸும் மட்டும், இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார். டிரம்ஸ் இல்லை, குரல் இல்லை, ஸ்லைடு இல்லை. இரண்டு நிமிஷம் சொச்சம். முந்தின பாட்டுகளில் கேட்ட எந்த வேகமும் இதில் கிடையாது, ஒரு பிள்ளை முற்றத்தில் தானாக விளையாடிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. என் தங்கை இப்போது வீணையில் இதை எடுக்கப் பார்க்கிறாள். முதல் நாலு அடி வந்துவிட்டது, ஐந்தாவது அடியில் இரண்டு கிட்டாரும் பிரியும் இடத்தில் எதைப் பிடிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.